மூன்று ஊசியும் இருநூறாவது படியும்

பினாங்கிலிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் தாமானையும் விட்டுவிட்டு, விஷயத்தை மட்டும் சுருக்கிச் சொல்கிறேன்.

வயது 58. பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை பார்த்துவிட்டு, விஎஸ்எஸ் (விருப்ப விலகல் திட்டம்) வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவர். பதினொரு வருடமாக இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய். காலையும் இரவும் மெட்ஃபார்மின் ஒரு கிராம், அதோடு கிளிக்லசைட், கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டின், ரத்த அழுத்தத்துக்குப் பெரிண்டோபிரில். கடைசியாகப் பார்த்த எச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி, 8.4. அப்பா அறுபது வயதில் மாரடைப்பில் போய்விட்டார். ஒரு வருடமாக இவருக்கு உடம்பில் தெம்பில்லை. மத்தியானம் ஆனால் படுத்துவிடுகிறார், பாதம் மரத்துப்போகிறது. குறட்டை தாங்காமல் மனைவி அடுத்த அறைக்கு மாறிவிட்டார்.

கோலாலம்பூரில் ஜிம்முக்குப் போகும் அக்கா மகன் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "மாமா, இது மைட்டோகாண்ட்ரியா கோளாறு" என்று மூன்று குப்பிகளைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். எஸ்எஸ்-31, மோட்ஸ்-சி, என்ஏடி பிளஸ். மூன்றையும் சேர்த்துப் போட்டால்தான் பலனாம். மூன்று மாதத்துக்கு 2,700 வெள்ளி (ரிங்கிட்). இபிஎஃப் (சேமநிதி) பணத்திலிருந்து கொடுக்க நினைக்கிறார். மெட்ஃபார்மின் மைட்டோகாண்ட்ரியாவுக்கு விஷம், அதை நிறுத்திவிட வேண்டும் என்பதும் அந்தத் தம்பியின் யோசனை. குப்பிகள் இப்போது வாசகரின் ஃப்ரிட்ஜில், தோசை மாவுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. தம்பி தன் நண்பர்களுக்காக வாங்கியவையும் அங்கேதான். எந்த வரிசையில் போடுவது, மெட்ஃபார்மினை எப்போது விடுவது என்பதுதான் கேள்வி.

கடைசியில் ஒரு பின்குறிப்பு: "வரும் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில் பால்குடம் எடுக்க ஆசை. போன தடவை இருநூறு படி ஏறியதும் நெஞ்சில் ஒரு பாரம், தாடை வரை இழுத்தது. உட்கார்ந்தேன், ஐந்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. வயசாகுது இல்லையா டாக்டர்."

ஐயா, எனக்கு உங்கள் கடிதம் அந்தப் பின்குறிப்பில்தான் தொடங்குகிறது. நான்கு பக்கத்தில் முக்கியமான வரி அதுதான். அதைக் கடைசியில் போட்டுவிட்டீர்கள். ஏறும்போது வருகிற பாரம், தாடைக்கு இழுக்கிற வலி, உட்கார்ந்தால் விடுவது, இது வயதின் வேலை இல்லை. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் சுருங்கியிருந்தால் வருகிற வலி ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். பதினொரு வருட இனிப்பு நீர், ரத்த அழுத்தம், கொழுப்பு, அறுபதில் போன அப்பா என்று எல்லாம் சேர்ந்திருக்கும் ஒருவர் இதைச் சொன்னால் எந்த டாக்டரும் முதலில் இசிஜிதான் எடுப்பார்.

இந்த வாரமே போங்கள். அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளிக்குப் பார்ப்பார்கள். நீங்கள் அனுப்பிய விலைப்பட்டியலைப் பார்த்த பிறகு இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "சோர்வாக இருக்கிறது" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். "படி ஏறினால் நெஞ்சு கனக்கிறது, தாடைக்கு இழுக்கிறது, உட்கார்ந்தால் விடுகிறது" என்று இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். இசிஜி சரியாக இருந்தாலும் அதோடு முடிந்தது என்று வந்துவிடாதீர்கள். சும்மா படுத்திருக்கும்போது எடுத்த இசிஜியில் இந்தக் கோளாறு ஒளிந்துகொள்ளும். டிரெட்மில் சோதனையோ வேறு பரிசோதனையோ தேவையா என்று கேளுங்கள். அதுவரை மலை, கனமான தூக்குதல், வேகநடை எதுவும் வேண்டாம். சும்மா இருக்கும்போதே வலி வந்தாலோ, உட்கார்ந்தும் விடாமல் நீடித்தாலோ, வியர்த்துக் கொட்டினாலோ 999. காடியை நீங்களே ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.

சரி, இனி குப்பிகளுக்கு வருவோம். உங்கள் அக்கா மகன் சொன்னது எல்லாமே கட்டுக்கதை இல்லை. அதனால்தான் நின்று விளக்க வேண்டியிருக்கிறது.

மூன்று குப்பி, மூன்று வேறு கதை

நம் உயிரணுக்களுக்குள் சாப்பாட்டையும் பிராணவாயுவையும் சக்தியாக மாற்றும் சின்னச் சின்ன அடுப்புகள்தான் மைட்டோகாண்ட்ரியா. வயதாக ஆக இவை மந்தமாகின்றன என்பது உண்மை. இனிப்பு நீர் கட்டுக்கு வராவிட்டால் இன்னும் சீக்கிரம் மந்தமாகும்.

எஸ்எஸ்-31 நான்கே அமினோ அமிலம் கொண்ட பெப்டைட், அதாவது குட்டிப் புரதத் துண்டு. மருந்துப் பெயர் எலாமிப்ரெடைட். மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வில் கார்டியோலிபின் என்ற ஒரு கொழுப்பு இருக்கிறது. இது அதைப் பிடித்துக்கொண்டு சவ்வின் மடிப்பு குலையாமல் பார்த்துக்கொள்கிறது. மூன்று குப்பியில் மனிதர்களிடம் பெரிய அளவில் முறையாகச் சோதித்துப் பார்த்தது இது ஒன்றுதான். 2025 செப்டம்பரில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதற்கு விரைவு அனுமதியும் கொடுத்தது. ஆனால் எதற்கு? பார்த் சிண்ட்ரோம் என்ற மிக அரிதான பரம்பரை நோய்க்கு. அந்தக் கார்டியோலிபினே சரியாக உருவாகாமல் பிறக்கும் ஆண்பிள்ளைகளுக்கு வருவது. தம்பி உங்களிடம் "எஃப்டிஏ பாஸ் பண்ணிய மருந்து" என்றது இதைத்தான். இன்னொரு பக்கத்தை அவர் சொல்லவில்லை, அல்லது அவருக்கே யாரும் சொல்லவில்லை. மைட்டோகாண்ட்ரியா கோளாறால் தசை பலவீனமான 218 பேரில் பாதிப் பேருக்கு 24 வாரம் தினமும் 40 மில்லிகிராம் ஊசியும், மறுபாதிக்கு மருந்தில்லாத வெறும் ஊசியும் போட்டுப் பார்த்தார்கள். ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள், சோர்வு எவ்வளவு குறைகிறது என்று அளந்தார்கள். வெறும் ஊசி போட்டவர்களைவிட மருந்து போட்டவர்கள் மேலாக ஒன்றும் தேறவில்லை. மைட்டோகாண்ட்ரியா நோயே உள்ளவர்களின் சோர்வு தீரவில்லை. இதய வலியால் உட்கார்ந்துவிடும் ஒருவரின் சோர்வை அது தீர்க்கும் என்று நம்ப எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

மோட்ஸ்-சி அழகான கண்டுபிடிப்பு. மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தனியாக ஒரு குட்டி மரபணுத் தொகுப்பு உண்டு. அதிலிருந்தே 16 அமினோ அமிலம் கொண்ட ஒரு பெப்டைட் உருவாகிறது என்று 2015இல் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்தார்கள். கொழுப்புத் தீனி தின்ற எலிகளுக்கு இதைப் போட்டபோது எடை ஏறவில்லை, சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. வயதான எலிகள்கூட நன்றாக ஓடின. எலிகளோடு சரி. உங்களைப் போன்றவர்களிடம் பெரிய சோதனை எதுவும் நடக்கவில்லை. இதை ஒத்த ஒரு செயற்கை மருந்தை மனிதர்களிடம் சோதித்தபோது ஊசி போட்ட இடத்தில் வீக்கமும் தடிப்பும் வந்து சோதனையைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தார்கள். விளையாட்டு வீரர்களுக்கு மோட்ஸ்-சி தடைசெய்யப்பட்ட பொருள். தம்பி ஏதாவது போட்டியில் கலந்துகொள்பவராக இருந்தால் இதையும் காதில் போட்டு வையுங்கள்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு விவரம் உண்டு. சைக்கிள் மிதித்துப் பயிற்சி செய்த இளைஞர்களின் தசையில் மோட்ஸ்-சி அளவு பல மடங்கு கூடியிருந்தது. 900 வெள்ளி கொடுத்து வாங்கிய பொருளை உடம்பு தானே சமைத்துக்கொள்கிறது.

என்ஏடி பிளஸ் பெப்டைடே இல்லை. வைட்டமின் பி3 வழியில் நம் உடம்பு செய்துகொள்ளும் ஒரு துணைப்பொருள். வயதோடு குறைகிறது என்பது சரி. மாத்திரையாக அதன் மூலப்பொருளைக் கொடுத்தால் ரத்தத்தில் அளவு ஏறுவதும் சரி. ஆனால் ஏறிய அளவு தெம்பாக மாறுகிறதா என்று பார்த்த ஆய்வுகள் பெரும்பாலும் கையை விரித்துவிட்டன. இதில் உங்களுக்கென்று ஒரு தனி ஆபத்து இருக்கிறது. என்ஏடி பிளஸ் வேகமாக உள்ளே போனால் முகம் சிவந்து, குமட்டி, நெஞ்சு இறுக்கிப் பிடிக்கும். ஏற்கெனவே நெஞ்சு கனக்கும் ஒருவர் அந்த இறுக்கத்தை "மருந்து வேலை செய்கிறது" என்று நினைத்து வீட்டிலேயே படுத்திருந்தால் என்ன ஆகும்?

சேர்த்தால் கூடுமா?

"ஒன்று சவ்வைக் காக்கும், ஒன்று சிக்னல் கொடுக்கும், ஒன்று எரிபொருள், மூன்றும் சேர்ந்தால் முழுமை" என்ற தம்பியின் வாட்ஸ்அப் விளக்கம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. குழம்புக்குப் புளி, உப்பு, காரம் மாதிரி. இந்த மூன்றையும் சேர்த்து மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்த சோதனை ஒன்றுகூட இல்லை.

நல்லதும் நல்லதும் சேர்ந்தால் இன்னும் நல்லது என்பது இந்தத் துறையில் ஏற்கெனவே ஒரு முறை பொய்த்திருக்கிறது. மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து கசியும் நச்சு மூலக்கூறுகளை அடக்கினால் நல்லது என்று எல்லோரும் நம்பினோம். நானும்தான். 2009இல் ஒரு ஜெர்மன் ஆய்வில் உடற்பயிற்சி செய்யும் இளைஞர்களில் ஒரு பாதிப் பேருக்கு வைட்டமின் சியும் ஈயும் சேர்த்துக் கொடுத்தார்கள். மாத்திரை சாப்பிடாதவர்களுக்கு இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்கியது; சாப்பிட்டவர்களுக்கு அந்தப் பலன் காணாமல் போனது. அந்தக் கசிவுதான் உடம்பைத் தட்டி எழுப்பும் மணியாம். மாத்திரை போய் மணியை அமுக்கிவிட்டது.

இன்னொன்று நடைமுறை விஷயம். மூன்றையும் ஒரே வாரத்தில் தொடங்கி, பத்தாம் நாள் உடம்பெல்லாம் தடித்தால் எதை நிறுத்துவீர்கள்? தெம்பு வந்தால் எதற்கு நன்றி சொல்வீர்கள்? கிளிக்லசைட் வேறு சாப்பிடுகிறீர்கள். சர்க்கரையைத் தாழ்வாக இறக்கிவிடக்கூடிய மாத்திரை அது. அதன்மேல் சர்க்கரையைத் தொடும் இன்னொரு பொருளைப் போட்டால் நடுராத்திரியில் நடுங்கிக்கொண்டு எழுந்து மைலோ தேட வேண்டி வரலாம்.

குப்பிக்குள் என்ன இருக்கிறது

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சுண்டுவிரல் உயரக் குப்பி, நீல மூடி, அடியில் வெள்ளையாக ஒட்டிய தூள். லேபிளில் 10 மி.கி. என்று இருக்கிறது. அதற்குக் கீழே பொடி எழுத்தில், ஆய்வுக்கு மட்டும், மனிதர் பயன்பாட்டுக்கு அல்ல. விற்றவரே இப்படிச் சொல்லிவிட்டார், ஐயா.

99 சதவீதம் தூய்மை என்று ஒரு சான்றிதழும் இணைத்திருக்கிறீர்கள். அது தூளில் உள்ள பெப்டைடில் எத்தனை பங்கு சரியான பெப்டைட் என்று சொல்கிறது, அவ்வளவுதான். கிருமி இல்லை என்று சொல்லவில்லை. பாக்டீரியாவின் ஓடுகளிலிருந்து வரும் எண்டோடாக்சின் என்ற நச்சு இல்லை என்றும் சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரியாத அளவு இருந்தாலே காய்ச்சல், நடுக்கம், சில சமயம் ரத்த அழுத்தம் சரியும். மருத்துவமனை ஊசி மருந்துகளை இதற்காகவே பெலாங்காஸ் நண்டின் நீல ரத்தத்திலிருந்து எடுத்த பொருளை வைத்துச் சோதிக்கிறார்கள். நம் கடற்கரைச் சேற்றில் ஊர்ந்து திரியுமே, அதே குடும்பம். உங்கள் சான்றிதழில் அந்தச் சோதனைக்கு ஒரு வரி இல்லை. 2025 ஜூலையில் லாஸ் வேகஸில் நடந்த ஒரு முதுமை எதிர்ப்பு விழாவில் பெப்டைட் ஊசி போட்டுக்கொண்ட இரண்டு பெண்கள் ஆபத்தான நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள்.

அப்புறம் தம்பி எழுதிக் கொடுத்த அந்தச் சீட்டு. முதல் குப்பிக்கு 2 மி.லி. நீர் கலந்து 10 யூனிட். இரண்டாவதுக்கு 1 மி.லி. நீர், அதுவும் 10 யூனிட். இரண்டும் ஒரே அளவு என்று எடுத்துக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள். யூனிட் என்பது இன்சுலின் சிரிஞ்சில் உள்ள கோடு. நூறு கோடு சேர்ந்தால் ஒரு மி.லி. மருந்தின் எடை அல்ல. 10 மி.கி. தூளில் 2 மி.லி. நீர் விட்டால் பத்துக் கோட்டில் அரை மில்லிகிராம் வரும், 1 மி.லி. விட்டால் ஒரு மில்லிகிராம். சீட்டிலேயே இரண்டு மடங்கு வித்தியாசம் ஒளிந்திருக்கிறது. தொழிற்சாலையில் அளவு சரிபார்த்தே முப்பது வருடம் ஓட்டிய உங்கள் கண்ணுக்கே அது தப்பிவிட்டது.

மெட்ஃபார்மினைத் தொடாதீர்கள்

தம்பி சொன்னதில் கால்வாசி உண்மை. மெட்ஃபார்மின் மைட்டோகாண்ட்ரியாவின் ஒரு கட்டத்தை லேசாக மட்டுப்படுத்துகிறது. அது செய்யும் நன்மையில் ஒரு பங்கு அதன் வழியாகவே வருகிறது. இனிப்பு நீர் இல்லாத முதியவர்கள் அதைச் சாப்பிட்டுக்கொண்டு உடற்பயிற்சி செய்தபோது தசைக்குக் கிடைக்கும் பலன் கொஞ்சம் குறைந்ததாக 2019இல் ஆய்வுகள் வந்தன. கவனியுங்கள், இனிப்பு நீர் இல்லாதவர்கள். உங்களுக்குப் பொருந்துவது 1998இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு. அதிக எடையுள்ள இனிப்பு நீர்க்காரர்களில் மெட்ஃபார்மின் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பும் மரணமும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன. 8.4 என்ற எண்ணோடு அதை நிறுத்தினால், நீங்கள் காப்பாற்ற நினைக்கும் அதே மைட்டோகாண்ட்ரியாவைச் சர்க்கரைப் பாகில் ஊறப்போட்ட மாதிரி.

ஆனால் மெட்ஃபார்மின் பேரில் கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது. வருடக்கணக்கில் சாப்பிட்டால் உடம்பில் வைட்டமின் பி12 குறையும். பாதம் மரத்துப்போவதும் சோர்வும் அதனாலும் வரலாம், இனிப்பு நீராலும் வரலாம். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். குறைவு என்றால் சரிசெய்வதும் எளிது.

அதனால் இதய விஷயம் பார்த்த கையோடு டாக்டரிடம் இவற்றையும் கேளுங்கள்: பி12, ஹீமோகுளோபின், தைராய்டு, சிறுநீரகம், அட்டோர்வாஸ்டாட்டினால் தசை வலி உண்டா என்பது. அப்புறம் குறட்டை. தூங்கும்போது மூச்சு நின்று நின்று வருகிறதா என்று மனைவியிடம் கேளுங்கள். அவர் அடுத்த அறைக்குப் போகும் அளவுக்கு என்றால் பார்த்திருப்பார். தூக்கத்தில் மூச்சுத் தடை இருப்பவர்கள் மத்தியானம் சரிந்து விழுவது வழக்கம். ரத்த அழுத்தமும் இதயமும் அதனால் கெடும். உங்கள் சோர்வுக்கு இத்தனை பேர் சந்தேகத்தில் நிற்கும்போது, யாரையும் விசாரிக்காமல் மைட்டோகாண்ட்ரியாவைப் பிடித்து உள்ளே போட்டுவிட்டீர்கள்.

மைட்டோகாண்ட்ரியாவைப் பெருக்க முடியுமா? முடியும். 1967இலேயே எலிகளை ஓடவிட்டு, தசையில் மைட்டோகாண்ட்ரியாவின் திறன் ஏறக்குறைய இரண்டு மடங்கானதைக் காட்டிவிட்டார் ஜான் ஹாலஸி. 2017இல் மேயோ கிளினிக் ஆய்வில், 65 வயதைத் தாண்டியவர்கள் 12 வாரம் விட்டுவிட்டு வேகமாகச் சைக்கிள் மிதித்தபோது அவர்களின் மைட்டோகாண்ட்ரியா திறன் 69 சதவீதம் கூடியது. இளைஞர்களுக்குக் கூடியதைவிட அதிகம். இதைப் படித்துவிட்டு நாளைக்கே சைக்கிள் எடுத்துவிடாதீர்கள். இதய டாக்டர் சரி என்று சொன்ன பிறகு, தாவரவியல் பூங்காவில் சமதரையில் மெதுவாக நடக்கலாம். வீட்டில் நாற்காலியில் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழலாம். பசியாற ரொட்டி சானாயும் தே தாரிக்கும் தினமும் என்று எழுதியிருந்தீர்கள். ரொட்டியை வாரத்துக்கு ஒரு நாளாக்குங்கள். தே தாரிக்குக்குப் பதில் தே ஓ கோசோங். கெட்டிப்பால் இல்லாத தேநீர் பத்து நாளில் பழகிவிடும் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

ஃப்ரிட்ஜில் இருப்பது

நீங்கள் கேட்காத கேள்வி இது. மலேசியாவில் பதிவு பெற்ற மருந்து என்றால் பெட்டியில் எம்ஏஎல் என்று தொடங்கும் எண்ணும் ஹோலோகிராம் ஒட்டியும் இருக்கும். எண்ணை மலேசிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான என்பிஆர்ஏவின் இணையத்தளத்தில் தட்டிப் பார்க்கலாம். உங்கள் குப்பிகளில் இரண்டுமே இல்லை. 1984 மருந்து, ஒப்பனைப் பொருள் கட்டுப்பாட்டு விதிகளின்படி பதிவில்லாத மருந்தை விற்பது மட்டும் குற்றமில்லை. வழங்குவது, இறக்குமதி செய்வது, வைத்திருப்பதும் அதில் வருகிறது. தனிநபருக்கு 25,000 வெள்ளி வரை அபராதம், மூன்று வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். தம்பி நண்பர்களிடம் காசு வாங்கிப் பங்கு பிரிக்கிறார்; சரக்கு உங்கள் வீட்டில். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்பது கடிதத்திலேயே தெரிகிறது. மாமா மேல் பாசம், அவ்வளவுதான். ஆனால் சட்டம் பாசத்தைப் பார்க்காது. மற்றவர்களுடையதை எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள், இனி வாங்கவும் வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்களுடையதைப் பிரிக்காமல் அரசாங்கக் கிளினிக் மருந்தகத்தில் கொடுத்து, அழித்துவிடக் கேளுங்கள். சண்டை வேண்டாம். இந்தப் பதிலை அவருக்கு அனுப்புங்கள், இதய டாக்டரைப் பார்க்கும் அன்று காடி ஓட்ட அவரையே கூப்பிடுங்கள்.

ஒரு வேளை இதற்குள் ஊசி போட்டிருந்தால், அதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். திட்டுவார் என்று பயந்து பலர் சொல்வதில்லை. எந்தக் குப்பி, எத்தனை கோடு, எந்தத் தேதி என்று அந்தச் சீட்டையே நீட்டிவிடுங்கள்.

தைப்பூசம். தண்ணீர்மலைக்கு 513 படி. நீங்கள் உட்கார்ந்த இடம் பாதிகூட ஆகவில்லை. பரிசோதனை முடிந்து, தேவையான சிகிச்சையும் நடந்து, ஏறலாம் என்று இதய டாக்டர் வாயால் சொன்னால் தாராளமாக ஏறுங்கள். வெயிலுக்கு முன்னால் தொடங்கி, நின்று நின்று. சொல்லவில்லை என்றால் இந்த வருடம் குடத்தை வீட்டில் வேறு யாரிடமாவது கொடுங்கள். கீழே தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றவும் ஆள் வேண்டும்.